‘புறா சென்ட்’டுக்கு மாற்று எது?

தர்மபுரியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். 1984-ல் அவருடைய தாய்மாமா குவைத்திலிருந்து ஊருக்கு வந்தபோது அக்காவுக்கென்று ஒரு சென்ட் பாட்டில் கொண்டுவந்தாராம். மூடியில் இரண்டு புறா. வீட்டில் அதற்கு ‘புறா சென்ட்’ என்றே பெயர். கல்யாணம் காட்சி என்றால் மட்டும் காதோரம் ஒரு சொட்டு வைத்து, அம்மா அதை இருபது வருஷம் ஓட்டியிருக்கிறார். இப்போது அம்மாவுக்கு 63 வயது. மகள் தேடிப்பிடித்து அதே பெயரில் புதுப் பாட்டில் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தால், “இது அது இல்லடி, சோப்பு மாதிரி இருக்கு” என்று ஒரே தடவை மோந்து பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார். 5,000 ரூபாய்க்குள் அதே வாசனையில் வேறு என்ன வாங்கலாம் என்பது கேள்வி.

நான் ஓசூரில் சோப்பும் பவுடரும் செய்கிற ஓர் ஆலையில், வாசனைப் பிரிவில் 22 வருஷம் இருந்தவள். காலையிலிருந்து மாலை வரை காகிதப் பட்டைகளை மோந்து, இது போன மாதம் வந்த சரக்கு மாதிரியே இருக்கிறதா, மாறியிருக்கிறதா என்று சொல்வதுதான் வேலை. உங்கள் அம்மா சொன்ன ‘இது அது இல்லை’ என்ற வார்த்தையை நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அவர் சொன்னதை நான் அப்படியே நம்புகிறேன்.

முதலில் அது என்ன என்று பார்த்துவிடுவோம். புறா மூடி என்றால் பாரிஸ் நினா ரிச்சி நிறுவனத்தின் ‘லேர் து தாம்’. 1948-ல் வந்தது. கலவையைச் செய்தவர் ஃபிரான்சிஸ் ஃபாப்ரோன். உலகப்போர் முடிந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது, புறா சமாதானத்தின் அடையாளம். இரட்டைப் புறா மூடியை 1951-ல் வடிவமைத்தவர் மார்க் லாலிக் என்ற கண்ணாடிக் கலைஞர். வளைகுடா போய்வந்தவர்கள் பெட்டியில் சார்லி, இன்டிமேட், யார்ட்லி பவுடர் எல்லாம் சகஜமாக இருந்த காலத்தில் இதைத் தேர்ந்தெடுத்து வாங்கிவந்த உங்கள் மாமா அக்காமேல் எவ்வளவு பிரியமாக இருந்திருக்க வேண்டும்.

இந்த சென்ட்டின் நடுநாயகம் கார்னேஷன் பூ. கார்னேஷன் நம் ஊர்ப் பூ இல்லை. ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் பசுமைக்குடிலில் வளர்க்கிறார்கள், கல்யாண மேடை அலங்காரத்துக்கு வருகிறது, ஆனால் அதில் வாசனை ஒன்றுமே இருக்காது. பழைய ரகக் கார்னேஷனை மோந்தால் கிராம்பு வாசம் அடிக்கும். அதற்குக் காரணமான யூஜினால் என்ற பொருள்தான் கிராம்பிலும் இருக்கிறது. துளசியிலும் இருக்கிறது, வெற்றிலையிலும் இருக்கிறது. தாம்பூலத்தில் வெற்றிலையை மடித்துக் கிராம்பு குத்திக் கொடுக்கும்போது வருகிற அந்தக் காரமும் இனிப்புமான மணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு ஜாதிமல்லி, ரோஜா, கொஞ்சம் பவுடர் மாதிரியான ஐரிஸ் கிழங்கு, அடியில் சந்தனம், கஸ்தூரி. இவை எல்லாவற்றையும் மெல்லிய சல்லாத்துணி போலப் போர்த்தியிருப்பது பென்சைல் சாலிசிலேட் என்ற பொருள். அதைத் தனியாக மோந்தால் பலருக்கு வாசனையே தெரியாது. கலவைக்குள் போனால் பூக்கள் அத்தனையும் வெயிலில் மலர்ந்த மாதிரி ஆகிவிடும். லேர் து தாமில் அது மிக அதிகம், அந்த சென்ட்டின் அடையாளமே அதுதான்.

அப்படியானால் புதுப் பாட்டில் ஏன் சோப்பு மாதிரி இருக்கிறது? காரணம் ஒன்று அல்ல, பல.

யூஜினாலும் அதன் தம்பியான ஐசோயூஜினாலும் சிலர் தோலில் ஒவ்வாமை உண்டாக்குபவை. வாசனைத் தொழிலுக்கு உலக அளவில் ஒரு சங்கம் இருக்கிறது, இஃப்ரா என்பார்கள். எந்தப் பொருளைத் தோலில் படும் சரக்கில் எவ்வளவு போடலாம் என்று அது வரம்பு வைக்கிறது. ஐசோயூஜினாலுக்குப் பல வருஷம் இருந்த வரம்பு 0.02 சதவீதம். கார்னேஷன் வாசனைக்கு உடம்பையும் குரலையும் கொடுப்பது ஐசோயூஜினால்தான். அதைச் சுண்டைக்காய் அளவுக்குக் குறைத்துவிட்டால் பூ இருக்கும், காரம் போய்விடும். காரம் போன பூவுக்குச் சோப்பு வாசம்தான் மிஞ்சும். உங்கள் அம்மாவின் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அடுத்தது கஸ்தூரி. அந்தக் காலத்துப் பூ வாசனைகள் பெரும்பாலானவற்றின் அடியில் மஸ்க் கீட்டோன் என்ற செயற்கைக் கஸ்தூரி இருந்தது. இனிப்பான, பவுடர் போன்ற, தொட்டால் சூடாக இருப்பது போன்ற வாசம். அது மண்ணிலும் நீரிலும் மக்காமல் தங்குகிறது என்று பெரிய நிறுவனங்கள் கைவிட்டன. அதற்குப் பதில் வந்த புதுக் கஸ்தூரிகள் சுத்தமான, துவைத்த துணி மாதிரியான வாசம் உள்ளவை. இதில் ஒரு வேடிக்கையான உண்மை, அதை ஆலையில் தினமும் பார்த்தேன். கஸ்தூரி வகைகளில் சிலவற்றைச் சிலருடைய மூக்கு அறவே உணராது. மற்ற எல்லா வாசனையும் தெரியும், அந்த ஒன்று மட்டும் வெற்றிடமாக இருக்கும். எங்கள் பிரிவிலேயே ஓர் அம்மாவுக்கு அப்படி. புதுப் பாட்டிலின் அடிப்பாகம் உங்கள் அம்மாவுக்குத் தெரியாமலே போகவும் வாய்ப்பு இருக்கிறது.

சந்தனமும் மாறிவிட்டது. பழைய சென்ட்டுகளில் மைசூர் சந்தன எண்ணெய் தாராளமாகப் போனது. நம் பக்கத்துக் காடுகளில், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, அந்தப் பக்கம் ஜவ்வாது மலை என்று எல்லா இடத்திலும் சந்தன மரத்துக்கு நேர்ந்தது உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. மரம் அருகியது, விலை ஏறியது, பெரிய நிறுவனங்கள் ஆஸ்திரேலியச் சந்தனத்துக்கும் செயற்கைச் சந்தனப் பொருள்களுக்கும் போய்விட்டன.

இவை எல்லாம் இருக்கட்டும். உங்கள் விஷயத்தில் இதைவிட எளிமையான ஒரு காரணம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மா ‘காதோரம் ஒரு சொட்டு’ வைப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். மூடி திருகுவதா, இழுத்து எடுப்பதா? கண்ணாடி மூடியை இழுத்து எடுத்து, அதன் நுனியால் தொட்டுவைப்பதாக இருந்திருந்தால் அது ‘பர்ஃப்யூம்’ என்ற அடர்த்தியான வகை. அதில் வாசனைச் சாறு 20 முதல் 30 சதவீதம் வரை இருக்கும். இப்போது நீங்கள் வாங்கியது அநேகமாக ஸ்ப்ரே, பெட்டியில் ‘ஓ து துவாலெட்’ என்று போட்டிருக்கும். அதில் 5 முதல் 15 சதவீதம் வரைதான். அளவு மட்டும் குறையவில்லை, அமைப்பும் வேறு. அடர்த்தி வகையில் கடைசிவரை தங்குகிற அடிவாசனை ஓங்கியிருக்கும், ஸ்ப்ரேயில் முதலில் எழுந்து சீக்கிரம் பறந்துவிடுகிற மேல்வாசனை முந்திக்கொண்டு வரும். அம்மா ஸ்ப்ரே அடித்த உடனே மோந்திருக்கிறார். முதல் பத்து நிமிஷம் யார் மோந்தாலும் ஏமாற்றம்தான்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் மூன்று வேலை செய்யுங்கள். காசு செலவில்லை.

பழைய பாட்டில் இருக்கிறதா? இருந்தால் தயவுசெய்து கழுவாதீர்கள். காலியாகத் தெரிந்தாலும் அடியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளைக் காகிதத்தை விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து உள்ளே விட்டு, அடியைத் தடவி எடுத்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டு மோந்து பாருங்கள். மேல்வாசனை எப்போதோ பறந்துவிட்டிருக்கும், அடிவாசனை இருபது வருஷம் ஆனாலும் நிற்கும். அந்தக் காகிதத்தைச் சின்ன ஜிப் கவரில் போட்டு வையுங்கள். அதுதான் உங்கள் அளவுகோல். நினைவை வைத்து ஒப்பிடுவதைவிட இது பத்து மடங்கு நம்பகமானது.

இரண்டாவது, அம்மாவின் மூக்கு. குறையாகச் சொல்லவில்லை. அறுபதைத் தாண்டினால் மோப்பம் மெல்லக் குறைவது இயல்பு. கொரோனா வந்துபோன பிறகு பலருக்குச் சில வாசனைகள் மட்டும் திரிந்து தெரிகின்றன. கண்ணை மூடச்சொல்லி காப்பித்தூள், கற்பூரம், கிராம்பு, பவுடர் நான்கையும் ஒவ்வொன்றாக நீட்டிப் பாருங்கள். கிராம்பு சரியாகத் தெரியவில்லை என்றால் நாம் எந்த பாட்டிலைக் கொண்டுவந்தாலும் அது ‘அது’ ஆகாது. வேறு பாதையில் போக வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ‘புறா சென்ட்’ என்று அம்மாவின் நினைவில் நிற்பது பாட்டிலுக்குள் இருந்தது மட்டும்தானா?

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருந்த என் அத்தைக்கு மஸ்கட்டிலிருந்து இதே லேர் து தாம் வரும். அத்தை காலமான பிறகு அவர் மகள் என்னிடம் வந்து, “நீ வாசனைக் கம்பெனியிலதானே இருக்க, அம்மா வாசனையக் கொண்டுவந்து குடு” என்று அழுதாள். வெளிநாட்டில் ஒருவரிடமிருந்து எழுபதுகளின் பாட்டில் ஒன்றை ஒரு மாதச் சம்பளம் கொடுத்து வரவழைத்தேன். திறந்தால் நெயில் பாலிஷ் நாற்றம். வெயில் படும் அலமாரியில் வருஷக்கணக்காக நின்ற பாட்டில் போலிருக்கிறது. மேல்வாசனை கெட்டிருந்தது. இருந்தாலும் கைக்குட்டையில் விட்டு ராத்திரி முழுக்க வைத்திருந்து மோந்தோம். காலையில் அடிவாசனை அருமையாக இருந்தது. அசல் சரக்குதான். ஆனால் அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டாள். ஏதோ ஒன்று இல்லை. நான்கைந்து நாள் கழித்து எனக்கு உறைத்தது. அத்தை குளித்ததும் கழுத்தில் சந்தன வாசனை பவுடர் கொட்டிக்கொள்வார். தலையில் குண்டுமல்லி. புடவை பீரோவிலிருந்து வரும், பீரோவில் அந்துருண்டை. கைக்குட்டையில் கொஞ்சம் பவுடரைத் தேய்த்து, நாலு முழம் வாடிய மல்லியை மேலே வைத்து, ஓர் இரவு டப்பாவில் மூடி வைத்து மறுபடியும் நீட்டினேன். அவள் அதை முகத்தில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்குத் தெரிந்தது, சென்ட் பாதி, மீதிப் பாதி அதைச் சுற்றி இருந்தவை. குண்டுமல்லி மாலையில் மலர்ந்து இரவில் உச்சமாக மணக்கும், அதில் இந்தோல் என்ற ஒரு பொருள் இருக்கிறது, தனியாக மோந்தால் முகம் சுளிக்க வைக்கும். சென்ட்டில் உள்ள ஜாதிமல்லியிலும் அதே பொருள் உண்டு. இரண்டும் சேரும்போது எது பூ, எது சென்ட் என்று பிரிக்க முடியாது. கல்யாணத்துக்கு மட்டும் சென்ட் போட்ட உங்கள் அம்மா தலையில் பூ இல்லாமல் போயிருக்க வழியே இல்லை. ஆகவே புதுப் பாட்டிலைத் தூக்கிப் போடும் முன், தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பூ மார்க்கெட்டில் காலையில் இரண்டு முழம் குண்டுமல்லி வாங்கி, அம்மா அந்தக் காலத்தில் எந்தப் பவுடர் போட்டார் என்று கேட்டு அதையும் போட்டு, உள்ளே பருத்தித் துணியில் இரண்டு தடவை ஸ்ப்ரே அடித்து, இரண்டு மணி நேரம் கழித்து மோந்து பார்க்கச் சொல்லுங்கள். பத்தில் நாலு பேருக்கு இதிலேயே காரியம் முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

முடியவில்லை என்றால் மாற்றுக்கு வருவோம்.

கார்னேஷன் வாசனைகளில் விலையும் பொருத்தமும் சேர்ந்து வருவது கீ லரோஷின் ‘ஃபிஜி’. 1966-ல் வந்தது, செய்தவர் ஜோசஃபின் கட்டபானோ. லேர் து தாம் போட்ட பாதையில் வந்த பெண் என்றே சொல்லலாம். அதே கிராம்பு சாயல், அதே வெயில்பட்ட பூ. தொடக்கத்தில் மட்டும் பச்சைக் காம்பை ஒடித்த மாதிரி ஒரு கசப்பு இருக்கும், அரை மணியில் அடங்கிவிடும். அதுவும் இப்போது மெலிந்துதான் இருக்கிறது. ஆனாலும் உங்கள் 5,000-க்குள் நான் முதலில் சொல்வது இதைத்தான். வெளிநாட்டுச் சரக்கு விற்கும் ஆன்லைன் கடைகளில் பார்த்துக்கொண்டே இருந்தால் கிடைக்கும்.

கஷரெலின் ‘அனாயிஸ் அனாயிஸ்’ 1978. இதில் காரம் குறைவு, லில்லியும் மல்லியும் அதிகம். அம்மாவுக்கு நினைவில் நிற்பது மென்மையும் வெள்ளைப் பூவும் என்றால் இது. கிராம்பு என்றால் இது வேண்டாம். ஒரு எச்சரிக்கை: லில்லி வாசனைக்கு அடித்தளமாக இருந்த லைரல், லிலியல் என்ற இரண்டு பொருள்களை ஐரோப்பா தடைசெய்துவிட்டது. லைரல் உள்ள சரக்கு 2021 ஆகஸ்ட்டோடும், லிலியல் 2022 மார்ச்சோடும் கடைகளிலிருந்து போய்விட்டது. அதனால் இந்த வகைச் சென்ட்டுகளில் 2015 பாட்டிலும் இன்றைய பாட்டிலும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

கெர்லெனின் ‘லேர் ப்ளூ’, 1912. ஷாக் கெர்லென் செய்தது, இன்றும் விற்பனையில் உள்ளது. கார்னேஷன், சோம்பு, ஐரிஸ், வெனிலா. பிரமாதமான சென்ட், நான் மோந்ததில் என் உள்ளத்துக்கு மிக நெருக்கமானது. ஆனால் உங்கள் பணத்துக்குள் அடங்காது. சித்திரை வெயிலில் தர்மபுரியில் போட்டால் தலை கனக்கும். தளி, ஓசூர்ப் பக்கம் மார்கழி மாதத்தில் போட்டால் அதன் அருமை தெரியும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்துக் குளிரில் வாசனை மெல்ல ஏறும், தர்மபுரி வெயிலில் ஒரே மூச்சில் எல்லாம் எழுந்து போய்விடும். பாட்டில் வேண்டாம், 2 மில்லி சாம்பிள் வாங்கி அம்மாவுக்குக் காட்டிவிடுங்கள். பிடித்துவிட்டால் அது வேறு கதை.

கரோனின் ‘பெலோஜியா’ (1927) கார்னேஷனின் ராணி என்பார்கள். அதன் பின்னால் ஓடாதீர்கள். பழைய பாட்டில் கிடைத்தாலும் விலை கேட்க முடியாது. ‘ஓபியம்’ (1977) கிராம்பு உள்ளதுதான், ஆனால் அது வேறு குணம், பிசினும் மசாலாவுமாகக் கனத்து நிற்கும். காதோரம் ஒரு சொட்டு வைக்கும் பெண்மணிக்கு அது பிடிக்கும் என்று நான் நினைக்கவில்லை. பிராடா 2015-ல் கொண்டுவந்த ‘அன்ஃப்யூஷன் தெயே’ கார்னேஷனை இன்றைய மெல்லிய நடையில் சொல்கிறது. உங்களுக்குப் பிடிக்கலாம், அம்மாவுக்குக் குழாய்த் தண்ணீர் மாதிரி இருக்கும்.

இப்போது யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் இருக்கும் ‘ஓல்டு ஸ்பைஸ்’ ஆஃப்டர் ஷேவ், அந்தப் பழைய, அசல் வாசனை. ஆண்கள் சரக்கு என்று தள்ளிவிடாதீர்கள். 1937-ல் ஷல்ட்டன் நிறுவனம் முதலில் அதைப் பெண்களுக்காகத்தான் கொண்டுவந்தது, ஆண்களுக்கானது மறு வருஷம்தான் வந்தது. அதன் நெஞ்சில் இருப்பது கிராம்பும் கார்னேஷனும். புதிய லேர் து தாமில் எது காணாமல் போனதோ அது இதில் கொஞ்சம் இருக்கிறது. ஒரு சொட்டைக் கைக்குட்டையின் ஒரு மூலையில் விட்டு, பத்து நிமிஷம் ஆல்கஹால் போகட்டும் என்று விட்டு, எதிர் மூலையில் உங்களிடம் இருக்கும் லேர் து தாமை அடித்து, இரண்டையும் மடித்து ஓர் இரவு வையுங்கள். காலையில் அந்தக் கைக்குட்டையை அம்மாவிடம் என்ன ஏது என்று சொல்லாமல் கொடுங்கள். ஓல்டு ஸ்பைஸ் ஒரு சொட்டுக்கு மேல் போகக் கூடாது, போனால் தாத்தா வாசம் வந்துவிடும்.

அதே யோசனையில் கிராம்பு எண்ணெயைத் தோலில் தடவிவிடாதீர்கள். பல்வலிக்குப் பஞ்சில் தொட்டு வைப்பது வேறு, கழுத்தில் பூசுவது வேறு. தோல் சிவந்து எரியும். வரம்பு வைத்ததே அதற்காகத்தான். கிராம்பு வேண்டுமென்றால் துணி வழியாகக் கொண்டுவாருங்கள். வெள்ளை மல்துணியில் ஒரு பிடி கிராம்பு, ஒரு கொத்து வெட்டிவேர், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சந்தனச் சிராய் கொஞ்சம், மூன்றையும் முடிந்து புடவை பீரோவில் இரண்டு வாரம் போட்டு வையுங்கள். அந்துருண்டையை எடுத்துவிட வேண்டும், அது எதையும் வாழவிடாது. பிறகு அந்தப் பருத்திப் புடவைமேல் புதுச் சென்ட்டை அடியுங்கள். பட்டில் அடிக்கக் கூடாது, கறை விழும்.

அத்தர் பற்றி. பெங்களூரு சிவாஜிநகர் பக்கமோ கிருஷ்ணகிரியில் பள்ளிவாசலை ஒட்டிய கடைகளிலோ கேட்டால் ‘அதே வாசனை’ என்று ஏதாவது ஒன்றை எடுத்துக் கையில் தடவுவார்கள். பிரெஞ்சு சென்ட்டின் நகல் என்று எண்ணெயில் வருவதை வாங்காதீர்கள். நகல் எடுப்பவர்கள் இயந்திரத்தில் விட்டுப் பிரித்துப் பார்ப்பது இன்று கடையில் உள்ள பாட்டிலைத்தான், 1984 பாட்டிலை அல்ல. அதுவும் இப்போது ஓடுகிற சென்ட்டுகளைத்தான் நகல் எடுப்பார்கள், 1948-ஐத் தேடி யாரும் போவதில்லை. மலிவான சில கலவைகளில் தடைசெய்யப்பட்ட பழைய மஸ்க் வகைகள் கலந்திருக்கவும் கூடும், வெயில் பட்டால் தோல் கறுக்கும். ஆனால் உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரத்து அசல் அத்தர் வேறு விஷயம். செம்புப் பானையில் பூவைப் போட்டு, மூங்கில் குழாய் வழியாக ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குகிற பழைய முறை. அதில் ‘சமேலி’ என்பது நம் ஜாதிமல்லி, ‘மோதியா’ என்பது குண்டுமல்லி, ‘ஹினா’ என்பது பல மசாலாவும் மூலிகையும் சேர்த்து வடித்தது. ஹினாவை ஒரு பொட்டும் சமேலியை ஒரு பொட்டும் மணிக்கட்டில் அருகருகே வைத்து, மேலே புது லேர் து தாம் ஒரு தடவை அடித்தால், நாற்பது வருஷத்துக்கு முந்தைய சென்ட்டின் அடிவாசனைக்கு எவ்வளவோ பக்கத்தில் வந்துவிடும். முதலில் முழங்கையின் உட்புறம் சிறு பொட்டு வைத்து ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

பழைய பாட்டிலையே வாங்கிவிடலாமா என்று உங்களுக்கு ஆசை வரும், வரத்தான் செய்யும். என் அனுபவத்துக்குப் பிறகும் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெரிய பாட்டில் வாங்காதீர்கள், 5 அல்லது 7 மில்லி அடர்த்தி வகை போதும். பெட்டியோடு இருப்பதை வாங்குங்கள், பெட்டி வெளிச்சத்தைத் தடுத்திருக்கும். பெட்டியின் அடியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே யூஜினால், லினலூல், பென்சைல் சாலிசிலேட் என்று நீண்ட பட்டியல் அச்சாகியிருந்தால் அது 2005-க்குப் பிறகான சரக்கு. ஒவ்வாமை தரக்கூடிய 26 பொருள்களைப் பெட்டியில் போட வேண்டும் என்ற ஐரோப்பிய விதி அந்த வருஷம்தான் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் இல்லாத பெட்டிதான் நமக்கு வேண்டும். திரவம் தேன் நிறத்தில் இருந்தால் கவலை வேண்டாம், வயசானால் அப்படித்தான் ஆகும். கலங்கலாக, வண்டல் இறங்கி இருந்தால் விட்டுவிடுங்கள். ‘திறக்காதது’ என்று சொல்லியும் பாதிதான் இருந்தால் மூடி கசிகிறது, காற்று போயிருக்கிறது, அதுவும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் ஆல்கஹால் கலந்த பொருள் விமானத்தில் சாதாரணப் பார்சலாகப் போகாது, சுங்கவரியும் சேரும். துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கும் சொந்தக்காரர் ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதுதான் எப்போதும் நல்ல வழி. 1984-லும் அப்படித்தானே வந்தது.

வந்த பிறகு முதல் மோப்பத்தில் தீர்ப்பு சொல்லாதீர்கள். பழைய பாட்டில் திறந்ததும் அசிட்டோன் மாதிரி அடிப்பது சகஜம், கால் மணி நேரத்தில் விலகும். காகிதத்தில் தொட்டு மின்விசிறி இல்லாத அறையில் வையுங்கள். மேலே நேரத்தை எழுதி, அரை மணி, இரண்டு மணி, ராத்திரி, மறுநாள் காலை என்று நான்கு தடவை மோந்து பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று வாசனைக்கு மேல் அம்மாவுக்குக் காட்ட வேண்டாம், மூக்கு சோர்ந்துவிடும். பெயரைச் சொல்லவும் வேண்டாம். ஃபிஜி ஒன்று, இப்போது இருக்கும் லேர் து தாமோடு ஓல்டு ஸ்பைஸ் ஒன்று, ஹினா–சமேலி ஒன்று என்று மூன்று கைக்குட்டை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் வேறு வேறு நிற நூல் ஒரு தையல். அம்மா எந்த நூலைத் தேர்ந்தெடுக்கிறார் என்று பாருங்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அந்த மூன்றையும் விட்டுவிட்டு, அந்துருண்டை நீங்கிய, கிராம்பு முடிச்சு ஏறிய புடவைமேல் புதுச் சென்ட் அடித்ததைத்தான் அவர் எடுப்பார் என்று நினைக்கிறேன். எடுத்துவிட்டால் ஐயாயிரத்தில் பாதிகூடச் செலவாகாது. மாமா இன்னும் இருக்கிறார் என்றால், குவைத்தில் எந்தக் கடையில், எந்த வகையை வாங்கினார், மூடி கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று ஒரு போன் போட்டுக் கேட்டு எழுதுங்கள். கண்ணாடி என்றால் அடர்த்தி வகை, பிளாஸ்டிக் என்றால் ‘ஓ து துவாலெட்’ வகை. அதற்கேற்ற மாதிரி எத்தனை மில்லி, எந்தப் பெட்டி தேட வேண்டும் என்று சொல்கிறேன்.